மார்கழி முழுக்க வாசனை டீ: ருசி பார்க்க நான் வைத்திருக்கும் முறை

கோலத்துக்குச் செம்மண் கரை கட்டி முடிக்கும்போது மணி ஆறாகிவிடும். அந்த நேரத்தில் எங்கள் வேலூரிலும் கை விறைக்கும். வருஷத்தில் பாதி நாள் வெயிலில் வேகிற ஊருக்கு, டீயை நிதானமாகக் குடிக்க வாய்த்த மாதம் மார்கழிதான்.

கொசப்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று ஐப்பசியில் தொடங்கும் ஜாக்கெட் ஆர்டர் தை பிறக்கும்வரை ஓயாது. நாளைக்கு ஐந்தாறு டம்ளர் பால் டீ குடிப்பேன், ஒன்றின் ருசியும் மனதில் நிற்காது. நாலு வருஷத்துக்கு முன் ஒரு தீபாவளிக்கு, குன்னூரில் வேலை பார்க்கும் அண்ணன் மகள் ஏழு சின்னப் பொட்டலம் டீ கொண்டுவந்தாள். ஏலக்காய், ரோஜா, எலுமிச்சைப்புல், துளசி, மல்லிகை, ஏர்ல் கிரே, வாசனை எதுவும் சேர்க்காத நீலகிரி இலை டீ. நான் ஒவ்வொன்றையும் பாலோடு கொதிக்க வைத்து, இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு இறக்கினேன். ஏழும் ஒரே டீயாகத்தான் இருந்தன. "அத்தை, இப்படிக் குடிச்சா ஏழு எதுக்கு, ஒண்ணு போதுமே" என்றாள். அவள் முகம் வாடியது எனக்குப் பொறுக்கவில்லை. மிச்சமிருந்ததை மார்கழியில் ஒரு நாளைக்கு ஒன்றாக, கோலம் போட்ட கையோடு, பால் இல்லாமல் குடித்துப் பார்த்தேன். அந்த மாதம் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் மூன்று நாள் வாசனை டீயைத் தொடாதீர்கள். வெறும் இலை டீயை மட்டும் குடியுங்கள், அதிலும் பாலும் சர்க்கரையும் வேண்டாம். துணியின் தரம் தெரியாமல் அதன் மேல் போட்ட ஆரி வேலையை எடை போட முடியாது. மட்டமான துணியில் எத்தனை கல் பதித்தாலும் தோளில் சுருக்கம் விழும். டீயிலும் அடித்துணி இலைதான், மேலே சேர்க்கும் பூவும் பழமும் வேலைப்பாடு. இலையின் சொந்த ருசி நாக்குக்குப் பழகிவிட்டால், ரோஜா டீ குடிக்கும்போது இது ரோஜா கொடுத்தது, இது இலை கொடுத்தது என்று பிரித்துச் சொல்ல வரும்.

இலையின் சொந்த ருசி துவர்ப்பு. அறுசுவையில் ஒன்றாக அதை எண்ணி வைத்திருக்கிற நமக்கு அது புதிதில்லை. கொட்டைப்பாக்கு, நாவல்பழம், வாழைப்பூ இதில் ஏதாவது ஒன்றை நினைத்துக்கொண்டு குடியுங்கள். கன்னத்தின் உள்பக்கம் இழுத்துப் பிடிக்கிறதா, நாக்கின் மேல் சொரசொரப்பாகிறதா என்று பாருங்கள். பாலில் உள்ள புரதம் இந்தத் துவர்ப்பைக் கட்டிப்போட்டுவிடும். பால் டீ நமக்கு இதமாக இருப்பதற்கு இதுதான் காரணம். அதில் ஏழு வாசனையும் ஒன்றாகிப் போவதிலும் பாலுக்குப் பங்கு உண்டு.

கடையில் நாம் வழக்கமாக வாங்கும் உருண்டை உருண்டையான டீத்தூள் சிடிசி ரகம். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் எந்திரத்தில் செய்வது. 1930களில் அசாமில் வந்த முறை. பாலுக்கும் டீக்கடை பாய்லருக்கும் அது பொருத்தம். ருசி பார்க்க மட்டும் முழு இலையாக இருக்கும் டீயை வாங்குங்கள். நீலகிரியில் டிசம்பர், ஜனவரி குளிரில் கொழுந்து மெதுவாக வளரும். அதனால் வாசனை கூடிவரும் என்று அந்தப் பருவத்து இலையைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. நம் மார்கழியும் அந்த மலையின் நல்ல பருவமும் ஒரே மாதத்தில் வருவதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

அடுத்தது தண்ணீர். எங்கள் பகுதியில் இதைச் சொல்லாமல் டீயைப் பற்றிப் பேசவே முடியாது. எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. அதில் போட்ட பிளாக் டீயை ஐந்து நிமிஷம் வைத்தால் மேலே எண்ணெய்ப் படலம் மாதிரி ஒரு ஏடு கட்டும், நிறமும் மங்கிக் கறுக்கும். தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து டீயோடு சேர்ந்து செய்கிற வேலை அது. ஒருநாள் மூன்று டம்ளர் வைத்தேன். ஒன்றில் போர் தண்ணீர், ஒன்றில் குழாயில் வரும் காவிரித் தண்ணீர், ஒன்றில் கேன் தண்ணீர். இலை ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். போர் தண்ணீர் டீயில் வாசனையே எழவில்லை. கேன் தண்ணீர் டீ தெளிவாக இருந்தது, ஆனால் ருசி கொஞ்சம் தட்டை. காவிரித் தண்ணீர் டீதான் பொன்னிறமாக, வாயில் உருண்டு நின்றது. அதனால் காவிரித் தண்ணீர் வருகிற அன்றைக்கே ஒரு குடம் தனியாக எடுத்து மூடி வைத்துவிடுவேன். உங்கள் தெருவில் எந்தத் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்பதை இதே மாதிரி மூன்று டம்ளர் வைத்து நீங்களே பாருங்கள். முன்பே கொதித்து ஆறின தண்ணீரை மறுபடி சுடவைக்காதீர்கள், புதுசாகப் பிடியுங்கள்.

அளவு: டீயை ருசி பார்ப்பதையே தொழிலாகச் செய்பவர்களுக்கு உலகம் முழுக்க ஒரு பொது அளவு இருக்கிறது. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிஷம். குற்றம் குறை தெரிய வேண்டும் என்பதற்காக அவ்வளவு கடுமையாக வைத்திருக்கிறார்கள். குடித்து ரசிக்க அவ்வளவு நேரம் வேண்டாம். கறுப்பு டீக்கு 3 முதல் 4 நிமிஷம், கிரீன் டீக்கு 2 நிமிஷம். இலை டீ புசுபுசுவென்று இடத்தை அடைக்கும். அதனால் ஸ்பூன் கணக்கு ஏமாற்றும். நகைக்கடைத் தராசெல்லாம் தேவையில்லை. முதல் நாள் ஒரு ஸ்பூன் கோபுரமாக எடுங்கள், மறுநாள் கூட்டலாம், குறைக்கலாம். மாதம் முழுக்க ஒரே டம்ளர், ஒரே ஸ்பூன் என்று வைத்துக்கொள்வதுதான் முக்கியம். அளவு டேப்பை மாற்றினால் சட்டை மாறிப்போகிற மாதிரி, டம்ளரை மாற்றினால் நேற்றைய டீயோடு இன்றையதை ஒப்பிட முடியாது. உள்ளே வெள்ளையாக இருக்கும் பீங்கான் கப் இருந்தால் நிறம் தெரியும். எவர்சில்வரில் நிறம் தெரியாது, உதடும் சுடும்.

கறுப்பு டீக்குத் தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு இலையைப் போட்டு மூடுங்கள். டீத்தூளைக் கொதிக்கவிடும் நம் வழக்கத்தை இந்த ஒரு மாதம் மறந்துவிட வேண்டும். கிரீன் டீக்கும் மல்லிகை டீக்கும் 80 டிகிரி போதும். தெர்மாமீட்டர் என்னிடம் இல்லை. பாத்திரத்தின் அடியில் சின்னச் சின்னக் குமிழி ஒட்டிக்கொண்டு, தண்ணீர் முனகத் தொடங்கும், கொதி வந்திருக்காது, அந்தக் கட்டத்தில் இறக்கிவிடுவேன். கொதித்துவிட்டதா? இரண்டு டம்ளருக்குள் மூன்று முறை ஆற்றுங்கள், சரியாகிவிடும். கிரீன் டீ கசக்கிறது என்று சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேர் கொதிக்கிற தண்ணீரை ஊற்றியவர்கள் என்பது என் எண்ணம்.

இப்போது மூக்குக்கு வருகிறேன். மூன்று இடத்தில் முகர வேண்டும். காய்ந்த இலையை, ஊறி விரிந்த இலையை, கடைசியில் வடித்த டீயை. ஒரு பொருட்காட்சியில் மாம்பழ டீ என்று ஒரு டப்பா வாங்கினேன். திறந்தால் கடையே மணத்தது. ஊறிய இலையில் பாதி போய்விட்டது, கப்பில் வெறும் கசப்புத் தண்ணீர். மேலே தெளித்த வாசனை அவ்வளவுதான் தாங்கும். மூன்று இடத்திலும் வாசனை தொடர்ந்து வந்தால் அது நல்ல டீ. டப்பாவின் மேல் சிறிய எழுத்தில் இயற்கை வாசனையா, இயற்கையை ஒத்ததா, செயற்கையா என்று போட்டிருக்கும். வாங்கும்போதே படித்துவிடுங்கள்.

குடிக்கும்போது சத்தம் வர உறிஞ்சுங்கள். சின்ன வயதில் அப்படிக் குடித்ததற்கு ஆயாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்தான் நானும். ஆனால் டீ ருசி பார்ப்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். காற்றோடு சேர்ந்து உள்ளே போனால்தான் வாசனை தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். சந்தேகம் இருந்தால் ஏலக்காய் டீயை மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். வெறும் டீதான் தெரியும். விழுங்கிவிட்டு மூக்கை விடுங்கள், ஏலக்காய் அப்போது வரும். குழந்தைகளுக்கு இதைச் செய்துகாட்டினால் விடவே மாட்டார்கள்.

எனக்கு மிகவும் உதவியவர் என் மாமியார். அவருக்கு வயது 78, பால் டீ தவிர எதையும் குடிக்க மாட்டார். முதல் வருஷம் ஏர்ல் கிரேயை வைத்துக்கொண்டு திணறினேன். டப்பாவில் 'பெர்கமாட்' என்று போட்டிருந்தது. இத்தாலியின் தென்பகுதியில் விளையும் ஒரு புளிப்புப் பழம், அதன் தோலிலிருந்து எடுக்கும் எண்ணெய்தான் அந்த டீக்கு வாசனை. அந்தப் பழத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை, பிறகு என்னவென்று அடையாளம் சொல்வது? அத்தையிடம் கப்பை நீட்டினேன். கண்ணை மூடி இரண்டு முறை இழுத்தார். "நார்த்தை இலையக் கசக்கினா வர்ற வாசனைம்மா இது" என்றார். எனக்குச் சட்டென்று எங்கள் ஊர்க் கிணற்றடி நார்த்தை மரமே முன்னால் வந்து நின்றது. பெர்கமாட்டும் நார்த்தையும் எலுமிச்சைக் குடும்பம்தானே. அன்றிலிருந்து டப்பாவில் எழுதியிருப்பதைக் குடித்து முடித்த பிறகுதான் படிக்கிறேன். முதலில் நம் வீட்டு மூக்கு என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். புதுத் துணிக் கஞ்சி, மழையில் நனைந்த செம்மண், ஊறப்போட்ட வெந்தயம், வெல்லப் பாகு, கோவில் விபூதி, எது தோன்றினாலும் அதையே எழுதுங்கள். வெளிநாட்டுப் பழத்தின் பெயரைவிட அது பத்து மடங்கு துல்லியம்.

எழுத ஒரு நோட்டு வேண்டும். என்னுடையது அளவு எடுக்கும் நோட்டின் பின்பக்கம். முன்பக்கம் கைச்சுற்று, தோள், உயரம். பின்பக்கம் தேதி, டீ, தண்ணீர், நிமிஷம், அப்புறம் ஒரே ஒரு வரி. "மார்கழி 6. எலுமிச்சைப்புல். குடித்து வெகுநேரம் கழித்தும் பல்லில் புல் வாசனை." இதற்கு மேல் எழுதினால் வேலை நடக்காது.

வாங்குவதில் ஒரு யோசனை. எல்லாவற்றையும் ஒரே வீடு வாங்க வேண்டாம். நாங்கள் மூன்று வீடு சேர்ந்து வாங்குகிறோம். ஆளுக்கு ஐந்தாறு ரகம், எல்லாம் சின்னப் பொட்டலம், மூன்றாகப் பிரித்துக்கொள்வோம். அடிப்படை இலைக்குத் தமிழ்நாடு அரசின் டான்டீ எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

பத்திரப்படுத்துவதைப் பற்றி வருத்தத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. இரண்டாம் வருஷம் கால் கிலோ நல்ல நீலகிரி இலையைப் பட்டுப்புடவை வைக்கும் பீரோவில் வைத்தேன், வெளிச்சம் படக்கூடாது என்று. உள்ளே அந்துருண்டை இருந்ததை நினைக்கவில்லை. பத்து நாள் கழித்து எடுத்தால் இலை முழுக்க அந்துருண்டை. வெயிலில் வைத்தும் போகவில்லை, ரோஜாத் தொட்டியில் கொட்டினேன். டீ இலை பக்கத்தில் இருக்கும் வாசனையை அப்படியே குடித்துக்கொள்ளும். பெருங்காய டப்பா, மசாலாத்தூள், ஊதுபத்தி, கற்பூரம் எதன் பக்கத்திலும் வைக்காதீர்கள். இறுக்கமான மூடி போட்ட டப்பாவில், ஒவ்வொரு ரகத்தையும் தனித்தனியாக வையுங்கள்.

அந்த குணம்தான் மல்லிகை டீயைத் தருகிறது. மல்லி இரவில்தான் மலரும். சீனாவில் மாலையில் மொட்டுகளை இலையோடு கலந்து வைத்து, அது இரவெல்லாம் மலர மலர இலையை வாசனை குடிக்க விட்டு, காலையில் பூவை எடுத்துவிடுவார்கள். உயர்ந்த ரகத்துக்கு இதையே பல இரவு செய்வார்கள். இதை வீட்டிலும் செய்யலாம். மார்கழியில் மல்லி ஏது? சித்திரை, வைகாசியில் செய்து வையுங்கள். பூக்காரரிடம் வாங்கும் பூ வேண்டாம், அதில் மருந்து அடித்திருப்பார்கள். மாடித் தொட்டியில் பூத்ததுதான் நல்லது. சாயங்காலம் ஒரு கைப்பிடி மொட்டு பறித்து, 50 கிராம் கிரீன் டீயோடு அடுக்கடுக்காகச் சம்படத்தில் போட்டு மூடுங்கள். விடிந்ததும் ஒரு பூ விடாமல் பொறுக்கி எடுத்துவிடுங்கள். பூவின் ஈரம் இலையில் இறங்கியிருக்கும். கடாயைச் சூடாக்கி, அடுப்பை அணைத்த பிறகு அந்தச் சூட்டில் இலையைப் புரட்டி உலர்த்துங்கள். நான் மூன்று இரவு செய்தேன். மார்கழியில் டப்பாவைத் திறந்தபோது வாசனை பாதிதான் மிச்சம். அந்தப் பாதி போதும், பூ வாசலைத் தாண்டிப் போன மாதிரி இருந்தது.

இனி வரிசை. மெல்லிய வாசனையிலிருந்து அழுத்தமானதற்குப் போக வேண்டும். வெறும் இலை மூன்று நாள், அப்புறம் மல்லிகை, ரோஜா, அடுத்து எலுமிச்சைப்புல், ஆரஞ்சு, ஏர்ல் கிரே. அந்த வரிசை கிறிஸ்துமஸில் வந்து நிற்கும்படி வைத்துக்கொள்கிறேன். மேல் வீட்டு அக்கா அன்றைக்குக் கேக்கும் கல்கலும் அச்சு முறுக்கும் கொடுத்தனுப்புவார். உலர்பழம் ஊறிய கேக்குக்குச் சர்க்கரை போடாத ஏர்ல் கிரேயைவிடப் பொருத்தமானது இதுவரை எனக்குக் கிடைக்கவில்லை. அக்காவுக்கும் ஒரு பிளாஸ்க் மாடிக்குப் போகும்.

புது வருஷத்துக்குப் பிறகு காரமானவை. இஞ்சி, ஏலக்காய், பட்டை, சுக்கு, துளசி. இவற்றுக்கு மட்டும் கொதி வேண்டும், ஆனால் இலைக்கு முன்னால். இஞ்சியைத் தட்டித் தண்ணீரிலேயே ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டு, பிறகு இலையைப் போடுங்கள். பச்சை இஞ்சியை நேராகப் பாலில் போட்டால் சில நேரம் திரிந்துவிடும். ஏலக்காய்க்கு அதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். கடைசி நிமிஷத்தில் தட்டிப் போட்டு மூடினால்தான் வாசனை தங்கும். துளசிக்கு ஜவ்வாது மலைத் தேன் ஒரு ஸ்பூன் சேர்ப்பேன், டீ கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு.

செம்பருத்தி, சங்குப்பூ இரண்டிலும் டீ இலையே கிடையாது. இருந்தாலும் வரிசையில் இடம் கொடுங்கள். வேலியில் படரும் நீலச் சங்குப்பூ ஐந்தாறைச் சுடுதண்ணீரில் போட்டால் நீல மை மாதிரி இறங்கும், நாலு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் கண்முன்னே கத்தரிப்பூ நிறமாகும். ருசி என்று பெரிதாக இல்லை, பார்க்கத்தான் அழகு. செம்பருத்தி புளிக்கும், அதில் பால் சேர்க்கவே கூடாது.

விருந்தாளி வரும்போது ஒரே வேளையில் மூன்று ரகம் வைக்கலாம், அதற்கு மேல் நாக்கு மரத்துவிடும். ஒவ்வொன்றுக்கும் நடுவே வெறும் தண்ணீரும் ஒரு பிடி பொரியும் கொடுங்கள். வெல்லம் சேர்க்காத வெறும் பொரி நாக்கைத் துடைத்த மாதிரி சுத்தமாக்கும். கார்த்திகை தீபத்துக்கு வாங்கியது நமுக்காமல் மிச்சம் இருந்தால் அதுவே போதும். போன வருஷம் தம்பி குடும்பம் ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கிவந்தது. உள்ளே பருப்பு, வெளியே பாகு, கோவா சேர்த்துப் பொரித்தது. அவ்வளவு இனிப்புக்கு முன்னால் எந்தப் பூ வாசனையும் நிற்காது. அழுத்தமாக இறக்கிய வெறும் கறுப்பு டீயில் எலுமிச்சை பிழிந்து கொடுத்தேன். துவர்ப்பு பாகை அறுத்துக்கொண்டு போக, ஆளுக்கு இரண்டாவது பேடா எடுத்தார்கள். ஆம்பூர் பிரியாணி சாப்பிட்ட மதியத்துக்கும் இதே டீதான், இரண்டு புதினா இலை கூடுதல்.

உடம்பையும் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில் கிரீன் டீ சிலருக்குக் குமட்டும், கூட ஒரு பிஸ்கட் சாப்பிடுங்கள். உணவில் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதை டீ தடுக்கும். ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடுவது நல்லது. மாலை ஆறுக்கு மேல் துளசி, சங்குப்பூ மாதிரி டீ இலை சேராததாக வைத்துக்கொண்டால் தூக்கம் கெடாது.

போகிக்கென்று ஒரு டீயை மாதம் முழுக்கத் தொடாமல் வைத்திருப்பேன். லாப்சாங் சூச்சோங். சீனாவில் வூயி மலைப் பக்கம் பைன் விறகுப் புகையில் உலர்த்துவது. அண்ணன் மகள்தான் தேடி அனுப்பினாள். மூடியைத் திறந்ததுமே புகை. முதல் வருஷம் யாருக்கும் பிடிக்கவில்லை. ஏலக்காய் டீ குடித்த நாக்கோடு சாயங்காலம் கொடுத்தது என் பிழை. அடுத்த வருஷம் போகி அன்று விடியற்காலையில், தெருவில் பழைய பாயும் முறமும் எரிந்துகொண்டிருக்கும்போது, வாசற்படியில் உட்கார்ந்து குடித்தோம். ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "எங்க ஊரு வெறகடுப்பு" என்றார் என் வீட்டுக்காரர். பால் டீ தவிர எதையும் தொடாத அத்தையும் கையை நீட்டி வாங்கி ஒரு வாய் குடித்தார். நோட்டில் அந்தத் தேதிக்கு நேராக அதைத்தான் எழுதி வைத்திருக்கிறேன்: "அத்தை குடித்தார். ஒரு வாய்."

மறுநாள் பொங்கல். பச்சைக் கற்பூரமும் ஏலக்காயும் மணக்கும் சர்க்கரைப் பொங்கலுக்குப் பக்கத்தில் வேறு வாசனை வேண்டாம். முதல் மூன்று நாள் குடித்தோமே, அந்த வெறும் நீலகிரி இலையையே மறுபடி போடுங்கள். ஒரு மாதம் பழகிய நாக்கோடு குடித்துவிட்டு, மார்கழி முதல் தேதி எழுதிய வரிக்குக் கீழேயே புது வரியை எழுதிப் பாருங்கள்.